கனி டீச்சர் தொட்ட இலை

ஐப்பசி மாதம் இரண்டாவது புதன்கிழமையிலிருந்து, புளியம்பொத்தை பால்வாடி கனி டீச்சர் தொட்ட இலையெல்லாம் தண்ணீரில் மூழ்க ஆரம்பித்தது. வேப்பிலையானாலும் சரி, வாழையிலையானாலும் சரி, நேற்றுத்தான் விட்ட கொழுந்தானாலும் சரி, ஊதினால் பறக்கிற சருகானாலும் சரி, டீச்சர் விரல் பட்டுவிட்டால் போதும், தண்ணீரில் விழுந்ததும் அக்கம்பக்கம் பார்க்காமல் நேரே அடிக்குப் போய்க் கல்லு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். இதற்காக ஊரில் யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. நிற்க நேரம் ஏது? அடைமழை தொடங்கியாயிற்று, ஒழுகுகிற கூரைக்கு ஓலை முடைய வேண்டும், முடைவதற்கு முன்னால் தென்னங்கீற்றைக் குளத்தில் ஊறப் போட வேண்டும், போட்டால் அது சும்மா கிடக்கிறதா, மிதந்து மிதந்து மேலே வரும், அதன் தலையில் கல்லைத் தூக்கி வைத்தால் கல் சரியும், மறுபடி இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும். டீச்சர் ஒரு தடவை தொட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

"டீச்சர், போற வழிதானே, அந்தக் கீத்துக் கட்டைக் கொஞ்சம் தொட்டுட்டுப் போயிருங்களேன்" என்று குளத்தங்கரையில் ஆள் நின்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டீச்சரும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, தொட்டுவிட்டுப் போனாள். கீற்று மூழ்கியது. "கைராசின்னா இதுல்லா கைராசி" என்றார்கள். டீக்கடையில் பேசினார்கள், ரேஷன் கடை வரிசையில் பேசினார்கள், பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தர் சைக்கிளில் கீற்றைக் கட்டிக்கொண்டே வந்துவிட்டார். டீச்சர் வீட்டு ரசத்தில் கறிவேப்பிலை அடியில் தங்கிவிட்டது. இருபது வருஷமாக அதை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன், "இப்பத்தான்ட்டி நீ ரசம் வைக்கப் படிச்சிருக்க" என்று இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். எல்லோருக்கும் சந்தோஷம். அமிர்தக்கனி என்கிற அந்த டீச்சர் ஒருத்திக்குத்தான், கைராசி என்ற வார்த்தை காதில் விழும்போதெல்லாம், இரண்டு கையையும் வெட்டிக் குளத்தில் போட்டுவிடலாம் போல இருந்தது. ஏன் என்று அவளுக்குத் தெரியும். கேளுங்கள்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'இலையுதிர் காலக் கலையும் எளிய அறிவியலும்' என்று தலைப்பு. மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள், உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி, ஒட்டி, படம் செய்ய வேண்டுமாம். எது மிதக்கும் எது மூழ்கும் என்று தொட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டுமாம். அட்டையில் சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ குளிர்தேசத்து இலை. நம் பக்கம் இலை உதிர்வது மாசி பங்குனியில். ஐப்பசியில் உலகமே பச்சைப்பசேல் என்று நனைந்துகொண்டு நிற்கும். இதை எழுதின புண்ணியவானுக்கு அது எங்கே தெரியும்? நல்லவேளையாகப் பால்வாடி வாசலில் ஒரு வாதாங்கொட்டை மரம் நின்றது. அது மாதம் கிழமை பார்க்கிற மரம் இல்லை, தோன்றினால் நாலு இலையைச் சிவக்க வைத்துப் போட்டுவிடும். சுற்றறிக்கை வந்த வாரம் அது வாசல் நிறையப் போட்டது.

பதினெட்டுப் பிள்ளைகள். ஆயா சண்முகத்தாய் ஒரு சட்டி நிறையக் கோதுமைப் பசை காய்ச்சிக் கொடுத்தாள். பிள்ளைகள் இலையை ஒட்டினார்கள், தலைமயிரை ஒட்டினார்கள், சத்துமாவு உருண்டையை ஒட்டினார்கள், ஒருவன் தன் முழங்காலைத் தரையோடு ஒட்டிவிட்டு அழுதான். வள்ளிக்கண்ணு என்று ஒரு பிள்ளை, நாலு வயது, வாயே திறக்காது. அது மட்டும் மூலையில் உட்கார்ந்து, வாதாம் இலையை நகத்தாலே கிழித்துக் கிழித்து, எல்லாத் துண்டையும் ஒரே அளவில் நீளச் சதுரமாக எடுத்து, ஒன்றன் மேல் ஒன்று சாய்த்து வரிசையாக ஒட்டியது. பக்கத்தில் நடுநரம்பையும் கழிசலையும் ஒரு குவியலாக ஒட்டியது. நாக்கை வெளியே துருத்திக்கொண்டு ஒரு மணி நேரம் செய்தது.

"என்னட்டி இது?" என்று கேட்டாள் டீச்சர்.

"எங்கம்மா மடி" என்றது பிள்ளை.

வேறு யார் பார்த்தாலும் குப்பை என்றுதான் நினைத்திருப்பார்கள். டீச்சருக்கோ பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. வெட்டின பீடி இலை, அளவு மாறாமல். அது பக்கத்தில் கழிசல். சொளவு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற ஒருத்தி குனிந்து பார்த்தால் அவள் கண்ணுக்கு என்ன தெரியுமோ, அப்படியே அது. டீச்சர் அப்படி ஒரு மடியில் வளர்ந்தவள். சொளவின் விளிம்பில் தலையை முட்டிக்கொண்டு தூங்கினவள், புகையிலைத் தூள் மூக்கில் ஏறித் தும்மினவள், ஆத்தாள் சுற்றின பீடியில்தான் பள்ளிக்கூடம் போய் டீச்சர் ஆனவள். ஆனால் வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்த இருபது வருஷத்தில், ஆபீஸிலும் சரி, பயிற்சி வகுப்பிலும் சரி, "அம்மா என்ன செய்யுதாங்க?" என்று கேட்டவர்களிடம், "வீட்லதான் இருக்காங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் சூப்பர்வைசர் மேடம் பார்வையிட வருகிறார்கள். பீடி இலையைப் பால்வாடிச் சுவரில் மாட்டவா? டீச்சர் அன்று சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு, வள்ளிக்கண்ணு செய்ததைக் கிழித்து, வாசலில் ஆயா கூட்டி எரித்துக்கொண்டிருந்த சருகோடு போட்டாள். ஒன்றைக் கிழித்தபிறகு மற்றதும் கண்ணை உறுத்தியது. பதினேழையும் போட்டாள். அப்புறம் உட்கார்ந்து, பதினெட்டுப் படத்தையும் தானே செய்தாள். யானை, மீன், பூந்தொட்டி, வீடு. வள்ளிக்கண்ணு பேரில் ஒரு மயில், தோகை விரித்து, கண்ணுக்குக் கண் சிவப்பு இலை வைத்து, அச்சு அசல் மயில். எல்லா ஊரிலும் எல்லா டீச்சரும் செய்கிறதுதானே, பிள்ளை பேரில் பெரியவங்க கை, நாம் மட்டும் என்ன அதிசயமாகச் செய்துவிட்டோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக, பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் மாட்ட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தாள்.

மேடம் வந்தார்கள், பார்த்தார்கள், மயில் முன்னால் நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். அடுத்த வாரமே வட்டாரத்தில் சிறந்த மையம் என்று கேடயம் வந்துவிட்டது. கேடயம் வந்தது புதன்கிழமை. கேடயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேடம் முன்னால், டீச்சர் அறிவியல் பாடம் எடுத்தாள். தொட்டித் தண்ணீரில் கல்லைப் போட்டாள். "கல்லு?" என்றாள். "மூழ்கும்!" என்றன பிள்ளைகள். தரையிலிருந்து ஒரு வாதாம் இலையை எடுத்து, "இலை?" என்றாள். "மிதக்கும்!" என்றன. போட்டாள். இலை ஒரு குமிழி விட்டுவிட்டு அடிக்குப் போய்க் கல் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

பிள்ளைகளுக்குப் பொய் சொல்லத் தெரியுமா? "மூழ்கிருச்சு" என்றன. ஆயா ஓர் இலையைப் போட்டாள், மிதந்தது. மேடம் போட்டார்கள், மிதந்தது. டீச்சர் போட்டாள், மூழ்கியது. பிள்ளைகள் அன்றைக்கே அதைப் பாடமாகச் சேர்த்துக்கொண்டு, தினம் காலையில் கைகோர்த்து நின்று ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள்: கல்லு மூழ்கும், இலை மிதக்கும், டீச்சர் இலை மூழ்கும், கல்லு மூழ்கும், இலை மிதக்கும், டீச்சர் இலை மூழ்கும். டீச்சர் தாளம் தட்ட வேண்டியதாயிற்று.

கீற்று ஊறினால் பீடி இலை ஊறாதா? ஊரில் பாதிப் பேர் வீட்டில் பீடி. இலை சரியாக நனைந்தால்தான், நனைந்ததைத் துணியில் சுற்றி வைத்தால்தான், வெட்டும்போது நொறுங்காது, மிதக்கிற இலையோ ஒரு பக்கம் நனையும், ஒரு பக்கம் காயும். அடுத்த திங்கள்கிழமை செல்லத்தாய் முதல் ஆளாக வந்தாள். வள்ளிக்கண்ணுவின் அம்மா. புருஷன் கேரளாவில் பேக்கரியில் வேலை. இடுப்பில் இலைக்கட்டு, பின்னால் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு பிள்ளை.

"ஒரு கை வச்சுத் தாங்க டீச்சர்" என்று கட்டைப் பிரித்து வைத்தாள்.

இருபது வருஷத்துக்கு அப்புறம் டீச்சர் பீடி இலையைத் தொட்டாள். அந்த வாசனை ஏறினதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்க புண்ணியம் டீச்சர்" என்றாள் செல்லத்தாய். "அந்த மயிலைப் போட்டோ புடிச்சு இவ அப்பாவுக்கு அனுப்புனேன். பேக்கரி முழுக்கக் காட்டிருக்காவ. எம்மவ செஞ்சது, எம்மவ செஞ்சதுன்னு. ஆனா இந்த மூதேவி இருக்காளே, நான் செய்யலங்கா."

டீச்சர் கை இலைமேல் நின்றுவிட்டது.

"நான் செய்யல, டீச்சர் செஞ்சாவ, நான் செஞ்சதைக் காணும்னு ஒரே அழுக. டீச்சர் பொய்யா சொல்லுவாவ? பேர் எழுதித் தொங்குதுல்லா? பொய் சொல்லுவியாட்டின்னு முதுகுல ரெண்டு வச்சேன். அதுலருந்து பாருங்க, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டா. எதையும் தொட மாட்டேங்கா. சோறுகூட நான்தான் ஊட்டணும். நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டீச்சரைப் பார்த்தது. கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. டீச்சர் என்ன சொல்லுவாள் என்று சும்மா பார்த்தது, தொட்டியில் போட்ட சாமானைப் பார்க்கிற மாதிரி.

டீச்சர் சொன்னாள்: "சின்னப் பிள்ளைதானே செல்லத்தாய், மறந்துருக்கும்."

சொல்லி முடிக்கும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. முதல் தப்பையாவது பயத்தில் செய்தாள் என்று சொல்லலாம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? செல்லத்தாய் கும்பிட்டுவிட்டுப் போனாள். பிள்ளை மூலையில் போய் உட்கார்ந்தது. அன்று சத்துமாவு உருண்டையை ஆயா அதன் வாயில் ஊட்டினாள். "என்ன பிள்ளையோ, கை ரெண்டையும் அடகு வச்ச மாதிரி" என்று ஆயா விளையாட்டாகச் சொன்னதும், டீச்சர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் தனியாக நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் நாள் தவறாமல் இலைக்கட்டு வந்தது. கீற்று வந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் வாழையிலையைக் கழுவ லேசாக இருக்கும் என்று கொண்டுவந்தார்கள். டீச்சர் எல்லாவற்றையும் தொட்டாள், தலையை நிமிர்த்தாமல் தொட்டாள். அடக்கமான டீச்சர் என்று அதற்கும் பேர் கிடைத்தது. தினமும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று வீட்டிலிருந்து கிளம்புவாள். வாசலில் கேடயத்தைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லுவோம் என்று ஆகிவிடும். பிள்ளையின் கை மட்டும் பின்னாலேயே கிடந்தது. பென்சில் பிடிக்கவில்லை, மண்ணில் கோடு போடவில்லை, மழையில் கைநீட்டவில்லை.

கார்த்திகை பிறந்ததும், கேடயம் வாங்கின மையத்தைப் பார்க்க மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி அம்மா ஜீப்பில் வந்தார்கள். கூடவே சூப்பர்வைசர் மேடம். தாய்மார்கள் எல்லோரும் தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரிக்கொண்டு வந்து நின்றார்கள். அதிகாரி அம்மா மயில் முன்னால் நின்றார்கள்.

"வள்ளிக்கண்ணு யாரு? வா பாப்பா. மயில் எப்படிச் செஞ்ச? ஒண்ணு செஞ்சு காட்டுறியா?"

செல்லத்தாய் பிள்ளையை முன்னால் தள்ளினாள். பிள்ளை நின்றது. கை பின்னால். "சொல்லுட்டி" என்று செல்லத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "மானத்த வாங்காத, சொல்லு."

வள்ளிக்கண்ணு அம்மாவைப் பார்த்தது, அதிகாரி அம்மாவைப் பார்த்தது. பிறகு இத்தனை நாளாகப் பின்னால் கிடந்த கையை முன்னால் கொண்டுவந்து, கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கின அந்த மயிலை ஆணியிலிருந்து கழற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, எல்லோருக்கும் நடுவில் நடந்து போய்த் தொட்டித் தண்ணீரில் வைத்தது. மயில் அட்டையோடு, தோகையோடு, அத்தனை சிவப்புக் கண்ணோடு, நேரே அடிக்குப் போனது.

"டீச்சர் இலை" என்றது பிள்ளை.

மற்றப் பதினேழும் விடுமா? உடனே ராகம் போட்டன: கல்லு மூழ்கும், இலை மிதக்கும், டீச்சர் இலை மூழ்கும்.

வள்ளிக்கண்ணுவின் கை மறுபடி பின்னால் போய்விட்டது. தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சூப்பர்வைசர் மேடம் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார்கள். "அது ஒண்ணும் இல்ல மேடம், இந்த டீச்சர் தொட்ட இலை மூழ்கும், இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். சுவத்துல மாட்டுனது டீச்சர்தானே? கை பட்டிருக்கும், அதான். அப்படித்தானே டீச்சர்?"

நல்ல காரணம். அதிகாரி அம்மாகூட, "அப்படியா, சரி சரி" என்று தலையாட்டிவிட்டார்கள். டீச்சர் "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜீப் கிளம்பிவிடும், கேடயம் இருக்கும், ஊர் கும்பிடும். அவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை டீச்சரைப் பார்க்கவில்லை. அம்மாவின் வலதுகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. செல்லத்தாயின் அந்தக் கை லேசாக உயர்ந்திருந்தது. பிள்ளை தோளைக் குறுக்கி முதுகைத் தயார் பண்ணிக்கொண்டு நின்றது.

"இல்ல மேடம்" என்றாள் டீச்சர். "மாட்டுனது மட்டும் இல்ல. செஞ்சதே நான்தான்."

"டீச்சர்..." என்று சூப்பர்வைசர் மேடம் கண்ணைக் காட்டினார்கள்.

"பதினெட்டும் நான் செஞ்சது. பிள்ளேள் செஞ்சதை எல்லாம் கிழிச்சுத் தீயில போட்டேன். வள்ளிக்கண்ணு அவ அம்மா மடியைச் செஞ்சிருந்தா. வெட்டுன பீடி இலையும் கழிசலும், அப்படியே இருந்துச்சு. என்னால ஒருநாளும் அந்த மாதிரிச் செய்ய முடியாது. அதைச் சுவத்துல மாட்ட எனக்கு வெக்கமா இருந்துச்சு. எங்கம்மாவும் பீடிதான் சுத்துனா. நான் அதை இதுவரைக்கும் யார்ட்டயும் சொன்னதில்ல. செல்லத்தாய், உம் மவ பொய் சொல்லல. நான்தான் சொன்னேன். நீ வந்து கேட்டப்பவும் சொன்னேன்."

அதிகாரி அம்மா சுவரில் மிச்சமிருந்த யானையையும் மீனையும் பார்த்தார்கள். அவர்கள் போன எல்லா மையத்திலும் இதே யானையும் இதே மீனும்தான் தொங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு கிளம்பினார்கள். கேடயத்தைப் பேப்பரில் சுற்றி ஜீப்பில் வைத்தார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்று சூப்பர்வைசர் மேடம் சொல்லிவிட்டு, டீச்சர் முகத்தைப் பார்க்காமல் ஏறிக்கொண்டார்கள்.

செல்லத்தாய் நின்ற இடத்திலேயே நின்றாள். தூக்கின கை தூக்கினபடி இருந்தது. அதைத் தன்னுடையது இல்லாத மாதிரிப் பார்த்தாள்.

"அப்ப எம் பிள்ளைய நான் அடிச்சது, டீச்சர்?" என்று கேட்டாள்.

செல்லத்தாய் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று டீச்சருக்கு ஓரத்தில் ஒரு நப்பாசை இருக்கத்தான் செய்தது. வீட்டுக்குப் போனதும் ஒரு கறிவேப்பிலையைக் கிள்ளிச் சொம்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். மூழ்கியது. மறுநாள் குளத்தங்கரையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தவளை, "டீச்சர், இந்தக் கட்டு நேத்தே தொட்டிருக்கணும்" என்று கூப்பிட்டார்கள். நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், இரண்டு பேர் காதுபடவே பேசினார்கள், ஆனாலும் டீச்சர் பொய் சொன்னதுக்குக் கீற்று என்ன செய்யும், கூரை ஒழுகுகிறது அல்லவா? டீச்சர் குனிந்து தொட்டாள். காரணம் தெரிந்தே ஊர் அதைக் கைராசி என்றது. அந்த வெட்கம் முந்தினதைவிடப் பெரிதாக இருந்தது, ஆனால் இதை எல்லோருக்கும் முன்னால் சுமக்க முடிந்தது.

செல்லத்தாய் ஒரு வாரம் வரவில்லை. பிள்ளையும் வரவில்லை. எட்டாம் நாள் இரண்டு பேரும் வந்தார்கள். செல்லத்தாய் இலைக்கட்டைத் தொப்பென்று வைத்து, "தொட்டுத் தாங்க" என்றாள். டீச்சர் என்ற வார்த்தை சேர்க்கவில்லை. தொட்டதும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வள்ளிக்கண்ணு மூலையில் போய், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

டீச்சர் பிள்ளையிடம் எதுவும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, இலையை ஒட்டு என்று சொல்லவும் வாய் வரவில்லை. வாசலில் போய் நாலு வாதாம் இலையைப் பொறுக்கிக்கொண்டு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கத்தரி எடுக்காமல், நகத்தாலேயே கிழிக்க ஆரம்பித்தாள். அளவு வரவில்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை. பசை முழங்கை வரை வழிந்தது. வரிசை கோணிக்கொண்டு போனது. மயில் செய்த கையா இது என்று ஆயாவுக்கே பாவமாக இருந்தது. பிள்ளைகள் சுற்றிக் கூடி நின்று எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் வள்ளிக்கண்ணுவும் வந்து நின்றது.

"இது யாரு மடி?" என்று கேட்டது.

"எங்கம்மா மடி" என்றாள் டீச்சர்.

பிள்ளை குனிந்து பார்த்தது. "மிதக்குமா?"

"போட்டுப் பார்ப்போம்" என்று டீச்சர் எழுந்து போய்த் தொட்டியில் வைத்தாள். கோணல்மாணலான அந்த மடி, கழிசல் குவியலோடு, மெதுவாக இறங்கி அடியில் தங்கியது. பிள்ளைகள் பாடின, அதுதானே பாடம்: கல்லு மூழ்கும், இலை மிதக்கும், டீச்சர் இலை மூழ்கும். டீச்சர் தாளம் தட்டவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். கண்ணீர் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது.

அப்போது பக்கத்தில் ஒரு சின்னக் கை நீண்டது. கவுன் கை நனைய, தோள்வரைக்கும் தண்ணீருக்குள் விட்டு, அடியில் துழாவி, வள்ளிக்கண்ணு அந்த மடியை மேலே எடுத்தது. ஒரு உதறு உதறியது.

"இப்படியே வச்சா வெறச்சு நொறுங்கிரும் டீச்சர்" என்றது. "துணியில சுத்தி வைக்கணும்."

சுற்றுமுற்றும் துணி தேடியது. கிடைக்கவில்லை. தன் கவுன் நுனியைத் தூக்கி, இரண்டு கையாலும் அதைப் பொதிந்து, தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.